கிலோவுக்கு ஐந்து

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு கையில் பிடித்ததெல்லாம் ஸ்பேனர்தான். பேனாவைப் பிடித்தாலும் விரல் அதை நட்டு என்று நினைத்து இறுக்குகிறது. இரண்டு தாள் ஏற்கெனவே கிழிந்துவிட்டது. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். கணக்கைத் திருத்த வேண்டாம். அதற்கு நான் பொறுப்பு.

கேஸ் இன்ஜின் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. வயது ஐம்பத்து நான்குதான். இன்ஜின் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. நான் யாரிடமும் அதிகம் பேசுகிறவன் இல்லை. நாலு பேர் நிற்கிற இடத்தில் ஓரமாக நகர்ந்துவிடுவேன். அதனால் பட்ட பாட்டை முதலில் சொல்கிறேன். நீங்கள் அதைப் பட வேண்டியதில்லை.

நாமக்கல் பக்கத்தில் எதையும் எச்பியில் சொன்னால்தான் ஆட்களுக்குப் பிடிபடும். கிணறு எத்தனை அடி, மோட்டார் எத்தனை எச்பி, இந்த இரண்டும் தெரியாமல் பெண் கொடுக்க மாட்டார்கள். கலோரி, கிலோவாட் என்று ஆரம்பித்தால், "அதெல்லாம் இருக்கட்டுமுங்க, எச்பியில சொல்லுங்க" என்பார்கள். இயற்கை எரிவாயு இன்ஜின் விற்க வந்த கம்பெனிக்கும் இது தெரிந்துவிட்டது. அவர்கள் கொடுத்த தாளில் எல்லாவற்றையும் எச்பிக்கு மாற்றியே அச்சடித்திருந்தார்கள்.

அந்த மாற்றும் கணக்கு இதுதான். ஒரு கிலோ கேஸை எரித்தால் ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் கிலோகலோரி சூடு வருகிறது. ஒரு எச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடுவதை ஒரு எச்பி மணி என்கிறோம். அது அறுநூற்று நாற்பத்தோரு கிலோகலோரிக்குச் சமம். அதை இதால் வகுத்தால் பதினெட்டுக்கு மேல் வருகிறது. ஆக ஒரு கிலோ கேஸ், பதினெட்டு எச்பி மணி. வகுத்தலில் ஒரு பிழையும் கிடையாது. நானே இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

ஆனால் என் சட்டைப் பையில் இருந்த சின்ன நோட்டில் வேறு எண் இருந்தது. பனமரத்துப்பட்டி போகிற வழியில் ஒரு சேகோ ஆலையில் கேஸ் இன்ஜின் பார்த்துக்கொண்டிருந்தபோது எழுதியது. ஜவ்வரிசி மூட்டையை எடை போடுகிற தராசில் காலையில் சிலிண்டரைத் தூக்கி வைப்பேன். சாயங்காலம் மறுபடி வைப்பேன். எத்தனை கிலோ குறைந்திருக்கிறது, அன்றைக்கு எத்தனை எச்பி எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதுவேன். ஒரு சீசன் முழுக்க எழுதினேன். மூட்டை தூக்குகிறவர்கள், "ஏனுங்க, சிலிண்டரையுமா ஜவ்வரிசி கூட விக்கப் போறீங்க?" என்று சிரிப்பார்கள். கிலோவுக்கு ஐந்து வந்தது. சில நாள் ஐந்தரை. ஒரு நாள்கூட ஆறு வரவில்லை.

இனி அந்தப் பண்ணைக்கு வருகிறேன்.

நாமக்கல்லுக்குத் தெற்கே ஒரு கோழிப்பண்ணை. ஜன்னல் இல்லாத இரண்டு பெரிய ஷெட். மொத்தம் ஐம்பதாயிரம் முட்டைக் கோழி. ஒரு முனையில் தண்ணீர் வழிகிற அட்டைச் சுவர், மறுமுனையில் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிற ஃபேன்கள். அவை காற்றை இழுத்தால்தான் உள்ளே குளிரும். சித்திரை வெயிலில் ஃபேன் நின்றால் பத்து நிமிஷத்தில் கோழி வாயைப் பிளக்கும். அரை மணி நேரத்தில் அள்ளிக் கொட்ட வேண்டியதுதான். பழைய டீசல் ஜெனரேட்டரை அந்த வாரம்தான் மாற்றுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். புதிய கேஸ் ஜெனரேட்டர் வந்து உட்கார்ந்திருந்தது. அதை மாட்டிக் கொடுத்து ஓட்டிக் காட்டும் வேலைக்குக் கம்பெனி என்னைத் தினக்கூலிக்கு வைத்திருந்தது.

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை கரண்டை நிறுத்துவார்கள் அல்லவா, அந்த நாள்தான் இன்ஜினுக்கு முதல் சோதனை.

இரண்டு நாள் முன்னால் கம்பெனி இன்ஜினியர் தாளைக் காட்டினார். சென்னைப் பக்கத்துப் பையன், நல்ல படிப்பு, மரியாதையாகத்தான் பேசுவார். இருபத்து நான்கு ஃபேன், தண்ணீர் மோட்டார், தீவனம் தள்ளும் மோட்டார், விளக்கு எல்லாம் சேர்த்து நாற்பது எச்பி. எட்டு மணி நேரத்துக்கு முந்நூற்று இருபது எச்பி மணி. பதினெட்டால் வகுத்தால் பதினெட்டு கிலோ கேஸ்கூட வேண்டாம். "நாம முப்பது கிலோ கொண்டு வர்றோம் அண்ணே. மூணு சிலிண்டர். தாராளம்" என்றார்.

என் நோட்டின்படி அறுபத்து நான்கு கிலோ வேண்டும்.

அதைச் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்போது அவர், "டீ சாப்பிடுறீங்களா அண்ணே?" என்று கேட்டார். நான், "சரிங்க" என்று சொல்லிவிட்டேன். டீயைக் குடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்தேன். வீட்டுக்குப் போய்விட்டேன். ஐந்தாவது படித்தவன் அவ்வளவு பெரிய தாளை எதிர்த்து என்ன பேசுவது என்ற கூச்சம். இந்தக் கதையில் என் தப்பு அதுதான். மற்றவர்கள் செய்ததைப் பிறகு சொல்கிறேன். அந்த டீ என் தப்பு.

அன்றைக்குச் சரியாக ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. இன்ஜின் எடுத்துக்கொண்டது. ஃபேன் எல்லாம் ஓடின. பண்ணைக்காரர் எடப்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி, நாங்கள் அம்மிணி என்று கூப்பிடுவோம், வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அட, டீசல் நாத்தம் இல்லாம இருக்குதே" என்று சந்தோஷப்பட்டார். ஷெட்டில் முப்பது வருஷமாக வேலை செய்கிற சரசக்கா மட்டும், "நாத்தம் போனாப் பரவால்லீங்க அம்மிணி, காத்து போகாம இருந்தாச் சரி" என்றார். வாய் அதிகம் அவருக்கு.

சிலிண்டரில் மிச்சமிருக்கிற கேஸின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. முள் இருநூறில் ஆரம்பித்தது. தாள் சொன்னபடி பார்த்தால் முக்கால் மணி நேரத்தில் நூற்றுத் தொண்ணூறில் இருக்க வேண்டும். நூற்றறுபதில் இருந்தது.

இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

"எங்கயோ லீக் ஆகுது அண்ணே. ஜாயின்ட் எல்லாம் நீங்கதானே டைட் பண்ணீங்க?"

"நான்தானுங்க. ஓடும்போதே சோப்பு நுரை போட்டுப் பாத்துட்டனுங்க. ஒரு குமிழிகூட வரலீங்க."

"பேனலுக்குப் பின்னாடி இருக்கிற லைன ஓடும்போது பாக்க முடியாது. இன்ஜின நிறுத்துங்க. ஒரு அரை மணி நேரம். பாத்துட்டு மறுபடி எடுத்துக்கலாம்."

மணி ஒன்பது ஐம்பது. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். மீதி கேஸ் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். பன்னிரண்டே முக்காலுக்கு முடியும். மேற்கொண்டு சிலிண்டர் வேண்டுமென்றால் சேலத்துப் பக்கம் கம்பெனி கிடங்குக்குப் போக வேண்டும். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம், ஏற்றுவதற்குக் கொஞ்சம். சிலிண்டர் ஏற்றுகிற கம்பெனி வண்டி இப்போதே கிளம்பினால் பன்னிரண்டே முக்காலுக்கு வரும். லீக் தேடிவிட்டுக் கிளம்பினால் வண்டி வருவதற்கு முன் ஐம்பதாயிரம் கோழியும் போய்விடும். நிறுத்தினாலோ லீக் தேடும்போதே போய்விடும்.

இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச் இருக்கிற பேனல் பக்கம் இன்ஜினியர் கையை நீட்டினார். நான் குறுக்கே போய் நின்றேன். எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. முதுகு சுவிட்சை மறைத்திருந்தது.

"நிறுத்த உடமாட்டனுங்க."

"என்ன அண்ணே சொல்றீங்க?"

"லீக் இல்லீங்க. கணக்குத்தான் தப்புங்க. கிலோவுக்குப் பதினெட்டு வராதுங்க. அஞ்சுதான் வருமுங்க. இப்பவே வண்டிய அனுப்புங்க. நாலு சிலிண்டர் வேணுமுங்க."

"அண்ணே, இது அமெரிக்காவுல போட்டாலும் ஜப்பான்ல போட்டாலும் பதினெட்டுதான் வரும். யூனிட் கன்வெர்ஷன். நீங்க எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவதுங்க."

"அதான் அஞ்சு வருது போல" என்று சிரித்தார்.

சரசக்கா தீவன வாளியை நங்கென்று கீழே வைத்தார். "ஏனுங்க இஞ்சினியரு தம்பி, சிரிக்கறதுக்கு சாயங்காலம் வரைக்கும் நேரமிருக்குது. முள்ளு எறங்கறது உங்க படிப்பக் கேட்டுட்டா எறங்குது?"

அம்மிணி போனில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கல்யாண மேளத்தில் அவருக்குக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணா, எனக்கு இந்த யூனிட்டெல்லாம் தெரியாது. எனக்கு வெளங்கற மாதிரி சொல்லுங்க. ஒரே வார்த்தையில சொல்லுங்க."

அவரை இன்ஜினின் முன்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். ரேடியேட்டருக்கு முன்னால் கையைக் காட்டச் சொன்னேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துப் புகைக் குழாய் மேல் ஊற்றினேன். சொய்யென்று ஆவியாகிப் போனது. அவருடைய சேலையில் ஒரு துளி தெறித்தது.

"அம்மிணி, இந்தச் சூடு எங்கிருந்து வருதுங்க?"

"கேஸுல இருந்துதான்."

"அந்தக் குழாய்ச் சூடு?"

"அதுவும் கேஸுதான்."

"இது ரெண்டும் ஃபேனச் சுத்துதுங்களா?"

அம்மிணி ரேடியேட்டரைப் பார்த்தார். ஷெட்டைப் பார்த்தார். "இல்லையே. சும்மா வெளியதான போகுது."

"காயிதத்துல இதையும் ஃபேனு சுத்தறதா எண்ணி வெச்சிருக்குதுங்க."

இன்ஜினியர் ரேடியேட்டரைத் திரும்பிப் பார்த்தார். படித்தவர் அல்லவா, அந்த இடத்தில் அவருக்கும் விளங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். ஆனால் கம்பெனித் தாள் தப்பு என்று அவர் வாயால் சொல்ல முடியாது. "எதுக்கும் லீக் ஒரு தடவை பாத்துட்டு..." என்று இழுத்தார்.

அம்மிணி குரலை உயர்த்தவில்லை. "தம்பி, வண்டி அனுப்பிட்டு லீக் பாருங்க. வண்டி வேண்டாததுக்குப் போயிட்டு வந்தா, போயிட்டுப் போகுது. உங்க கிடங்குக்கு நீங்க போன் பண்ணறீங்களா, இல்ல உங்க மேனேசருக்கு நான் பண்ணட்டுமா?"

அவர் போன் செய்தார். வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருந்த டிரைவரைச் சரசக்கா போய் எழுப்பினார். எழுப்பினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பத்து மணிக்கு வண்டி கிளம்பியது.

அதன் பிறகுதான் உண்மையான வேலை. வண்டி பன்னிரண்டே முக்காலுக்கு வரும், கேஸும் பன்னிரண்டே முக்காலுக்கு முடியும். நடுவில் ஒரு ரயில்வே கேட் மூடினால் தீர்ந்தது. மேலே கொஞ்சம் நேரம் சம்பாதிக்க வேண்டும். தீவன மோட்டாரை நிறுத்தினேன். விளக்கை அணைத்தேன். இன்னும் வெயில் ஏறாததால் ஷெட்டுக்கு இரண்டு ஃபேன் வீதம் நிறுத்தலாமா என்று சரசக்காவைக் கேட்டேன். அந்த முடிவு என்னுடையதல்ல. இன்ஜினைப் பற்றி எனக்குத் தெரியும், கோழியைப் பற்றி அவருக்குத் தெரியும். அவர் உள்ளே போய்க் கூண்டு வரிசையில் நின்று கோழிகளின் கழுத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"பதினொரு மணி வரைக்கும் தாங்குமுங்க. அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆகாது. கொண்டை தொங்கி, சொங்கிப் போயிரும்."

சரியாகப் பதினொன்றுக்கு அந்த நான்கு ஃபேனையும் திரும்பப் போட்டேன்.

இன்ஜினியர் லீக் தேடினார். சோப்பு நுரையை அவரே கலக்கி, கைக்கு எட்டிய ஜாயின்டில் எல்லாம் ஊற்றினார். சட்டை முழுக்க நுரை. பேனலுக்குப் பின்னால் கையை விட்டு முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். ஒரு குமிழிகூட வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் அவரும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முள்ளைப் பார்த்தார். அறுபது. ஐம்பது. நாற்பது. இருபதுக்குக் கீழே போனால் இன்ஜின் திணற ஆரம்பிக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு முள் இருபதைத் தொட்டது. அதே நேரம் மண் சாலையில் புழுதி தெரிந்தது. டிரைவர் இறங்கும்போதே, "ரெண்டு எடத்துல தேர்த் திருவிழாக் கூட்டமுங்க, சுத்தி வந்தனுங்க" என்றார். முதல் சிலிண்டரை இன்ஜினியரும் நானும் சேர்ந்து தூக்கினோம். இன்ஜின் ஓடும்போதே மாட்டினேன். முள் எழுந்து நின்றது. ஒரு ஃபேன்கூட நிற்கவில்லை.

ஐந்து பத்துக்குக் கரண்ட் வந்தது. ஏழு சிலிண்டரையும் சேர்த்துப் பார்த்தால் கிலோவுக்கு ஐந்து. கொஞ்சம் மேலே. சரசக்கா அன்றைக்குச் செத்த கோழியை வாளியில் கொண்டு வந்து காட்டினார். பதினொன்று. "நேத்து பதிமூணுங்க. கேஸுக்குப் பயந்து ரெண்டு கோழி சாகாம இருந்துருச்சு" என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன்.

போவதற்கு முன் இன்ஜினியர் போனில் யாரிடமோ நீண்ட நேரம் பேசினார். பிறகு ரிப்போர்ட் எழுதி என்னிடம் நீட்டினார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'ஆபரேட்டர் இணைப்பைச் சரியாக இறுக்காததால் கேஸ் கசிவு. கண்டறிந்து சரிசெய்யப்பட்டது.' கீழே என் பெயர் போட்டு, கையெழுத்துக்கு ஒரு கோடு.

"அண்ணே, இது சும்மா ஃபார்மாலிட்டி. உங்கள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் கெட்டவர் இல்லை. குனிந்த தலையோடுதான் சொன்னார். அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. ஆனால் அந்தத் தாள் கசிவு என்று மூடிவிட்டால், பதினெட்டு அப்படியே அடுத்த பண்ணைக்குப் போகும். அங்கே பேனலுக்குக் குறுக்கே யார் நிற்பார்கள்?

"மாட்டனுங்க" என்றேன்.

"அப்புறம் உங்களுக்கு வேலை தரமாட்டாங்க அண்ணே. நிஜமா சொல்றேன்."

அவருடைய சட்டைப் பையிலிருந்து நானே பேனாவை எடுத்தேன். அந்த இரண்டு வரியைக் குறுக்கே அடித்தேன். கீழே எழுதினேன். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு என் பெயரையும் நோட்டில் எண்களையும் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. வேர்த்துக் கொட்டியது. 'கேஸ் ஒழுகவில்லை. கணக்கில் வெளியே போகிற சூட்டையும் சேர்த்துவிட்டார்கள். கிலோவுக்கு அஞ்சு.' அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

இன்ஜினியர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோழி கிளறின மாதிரி இருக்கு அண்ணே."

"கோழிப்பண்ணையில வேற எப்படித் தம்பி இருக்கும்?" என்றார் சரசக்கா.

கம்பெனி அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. இன்ஜினியர் பொய் சொல்லவில்லை. ஏழு மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். லாரிப் பட்டறையில் டயர் கழற்றினேன். அம்மிணி பேனலில் சிவப்புப் பெயின்டால் பெரிதாக 5 என்று எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்த பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கூப்பிட்டார்கள். அவர்கள் பேனலிலும் எழுதினேன். கம்பெனிக்காரர்கள் வந்து அழித்த இடத்தில் மறுபடி எழுதினேன்.

இப்போது உங்கள் கையில் போன் இருக்கிறது. கிலோகலோரியைத் தட்டினால் எச்பி மணி வந்து நிற்கும். பதினெட்டு என்றுதான் வரும். சரிதான், சூடு மொத்தமும் எச்பி ஆனால் அவ்வளவு வரும். ஆகாது. ஒன்றின் பெயரை மாற்றிச் சொன்னதற்காக இன்ஜின் கூடுதலாக இழுக்காது. இன்ஜினுக்கு இன்ஜின் கொஞ்சம் கூடும், குறையும். என் ஐந்தையும் அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் இன்ஜினை நீங்களே எடை போட்டு உங்கள் எண்ணை எழுதி வையுங்கள். அந்த எண் தாளோடு ஒத்துப் போகவில்லை என்றால் டீ குடிப்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

போன வாரம் ஒரு புதுப் பையன் என்னைத் தேடி வந்தான். உங்களில் ஒருவன்தான். வேறு ஒரு பண்ணையில் கேஸ் சீக்கிரம் தீர்ந்துவிட்டதாம். கசிவு என்று எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார்களாம். "போடட்டுங்களாண்ணா?" என்று கேட்டான். எனக்குக் காது சரியாகக் கேட்காது. இது நன்றாகக் கேட்டது.

போடாதே, தம்பி. அன்றைக்கு அந்த ரிப்போர்ட்டில் எனக்குக் கிடைத்த இடம் மூன்று வரிதான். மீதியை இதில் எழுதியிருக்கிறேன். இதையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடு. கீழே என் கையெழுத்து இருக்கிறது. யார் கேட்டாலும் நான்தான் எழுதினேன் என்று சொல்.

சித்திரை 22, செவ்வாய்க்கிழமை. இன்றைக்கும் பராமரிப்பு நாள், காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. இன்னும் வரவில்லை.